சங்கு ஊதிய புரோகிராம்

தங்கசாமி டிரங்க் காலில் பேசினால், போனே இல்லாமல் சேலத்துக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் கத்துவார். அன்று காலையும் அப்படித்தான் கத்தினார்.

"அம்மிணி, உங்க கம்ப்யூட்டரு கல்லு மாதிரி உக்காந்துக்கிச்சு. கிழங்கு லாரியெல்லாம் கேட்டைத் தாண்டி ரோட்டுல நிக்குது. சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க!"

"திரையில என்னங்க வருது?" என்று கேட்டாள் சௌந்திரம்.

"எடை பார்க்கிறதுன்னு வருது. காத்தாலிருந்து அதையேதான் பார்த்துக்கிட்டிருக்குது."

தங்கசாமி சேந்தமங்கலம் சேகோ ஆலையின் மேனேஜர். அந்த ஆலையும், ஆத்தூர் போகும் வழியில் ஒன்றும், இளம்பிள்ளைப் பக்கம் ஒன்றுமாக மூன்று ஆலைகள் பச்சமுத்துவுக்குச் சொந்தம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஆலைகள். 1988 ஜனவரி அது. அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பிடுங்கிய கிழங்கை மறுநாளுக்குள் அரைத்துவிட வேண்டும். தாமதித்தால் உள்ளே கறுத்துப் போகும், ஜவ்வரிசியாகும் மாவுப் பாலும் குறைந்துவிடும். எடை போடாமல் கிழங்கு உள்ளே போக முடியாது. எடைமேடையிலிருந்து எடையை வாங்கிச் சீட்டு அடிக்கும் புரோகிராமை எழுதியவள் சௌந்திரம்.

சௌந்திரம் எருமப்பட்டிக்காரி. திருச்சியில் கணக்கு எம்.எஸ்சி. படித்துவிட்டு, கோயமுத்தூரில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்திருந்தாள். மகள் காலேஜில் பாடம் நடத்துவாள் என்றுதான் அவளுடைய அப்பா நினைத்திருந்தார். அவளோ சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பச்சமுத்துவின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். "கிழங்கு மில்லுல கணக்கு எம்.எஸ்சி.க்கு என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதை நிறுத்தி ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது.

கிளம்பும் முன் வெள்ளியங்கிரிக்குப் போன் போட்டாள். மூன்று ஆலைகளுக்கும் யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டரை விற்ற பெங்களூர் கம்பெனியின் இன்ஜினியர் அவர். அவினாசிக்காரர். சேலத்தில் ஒரு லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ் வைத்திருந்தார்.

"சேந்தமங்கலமா? நேத்துத்தானுங்க போயி புது பிரிண்டர் போர்டு மாட்டிட்டு வந்தேன். பிரிண்டரு ஜம்முனு ஓடுச்சே!"

"எடை போட்டுப் பார்த்தீங்களா?"

"சாயங்காலம் ஆயிடுச்சுங்க. லாரி ஒண்ணும் இல்ல."

இராசிபுரம் வழியாக பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது, சாலையோரம் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. கீழே படுதா விரித்து நான்கைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சொந்தக் கிழங்கோடு டிராக்டரில் வந்திருந்த ஒரு குடியானவர் மட்டும் ஆட்டத்தில் சேராமல், மூட்டைக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் காரணம் புரிந்தது. யூனிக்ஸில் எந்தப் புரோகிராமும் பிரிண்டரையோ எடைமேடையையோ நேராகத் தொட முடியாது. கர்னல் என்று ஒரு மையப் பகுதி இருக்கிறது. அது மட்டும்தான் தொடும். ஒவ்வொரு கருவிக்கும் அதற்குள் தனித்தனியாக ஒரு சிறு பகுதி உண்டு. அதன் பெயர் டிரைவர். எந்தெந்த டிரைவர் வேண்டுமோ அவற்றையெல்லாம் கோத்து, எண்ணிட்டு, ஒரே கட்டியாக கர்னலைத் தயாரித்து மெஷினில் ஏற்றிவிடுவார்கள். வெளியே டிஸ்கில், கதவுக்கு மாட்டும் பெயர்ப் பலகை மாதிரி சில பெயர்கள் இருக்கும். 'எடை' என்ற பலகைக்குப் பின்னால் ஓர் எண். புரோகிராம் அந்தப் பலகையைத் தட்டினால், கர்னல் அந்த எண்ணுள்ள டிரைவரை எழுப்பும்.

பலகையை எழுதுவது ஒரு வேலை. கர்னலைக் கோப்பது வேறொரு வேலை. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஆளில்லை. வெள்ளியங்கிரி புது பிரிண்டருக்காக கர்னலை மறுபடி கோத்தபோது எண்கள் ஒன்றிரண்டு இடம் மாறிவிட்டன. பலகைகள் பழையபடியே இருந்தன. எடையைக் கேட்டுப் புரோகிராம் தட்டியது பிரிண்டரின் கதவை. பிரிண்டர் எடை சொல்லுமா? புரோகிராம் காத்துக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு அம்மிணி?" என்றார் தங்கசாமி.

"டிரைவர் மாறிப்போச்சுங்க."

தங்கசாமி சன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். "எந்த லாரிக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு போனில் வெள்ளியங்கிரியைப் பிடித்து, புது எண் என்ன என்று கேட்டு, பழைய பலகையை அழித்துப் புதிதாக எழுதினாள். முதல் லாரி மேடையேறியது. திரையில் எடை வந்தது. தங்கசாமி அவளுக்கு ஒரு காபி வரவழைத்தார். சாயங்காலத்துக்குள் ரோடு காலியாகிவிட்டது. டிராக்டர்க்காரரின் மூட்டைகளில் மட்டும் அடியில் கிடந்த கிழங்கு நிறம் மாறியிருந்தது. அவர் யாரையும் திட்டவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பச்சமுத்து அவளைக் கூப்பிட்டார். ஐம்பத்தைந்து வயதுக்காரர்; குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

"தப்பு யாரு மேலன்னு எனக்கு வேண்டாங்கண்ணு. வெள்ளியங்கிரி நாளைக்கு இன்னொரு போர்டு மாட்டுவான். அவன் மாட்டும்போதெல்லாம் நீ பஸ் ஏறிப் போவியா? அந்த மெஷினே பார்த்துத் தெரிஞ்சுக்கற மாதிரி பண்ணு."

அவளுக்கும் அது சரியாகப் பட்டது. உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். புரோகிராம் தொடங்கியவுடன் எல்லாப் பலகைகளையும் வரிசையாகத் தட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் 'எடை என்ன' என்று கேட்கும் குறியை அனுப்பட்டும். எது எடை சொல்கிறதோ அதுதான் எடைமேடை. மற்றவை சும்மா இருக்கும்; பதில் வராவிட்டால் அடுத்ததற்குப் போகட்டும். எழுதி முடித்துச் சேலம் ஆபீஸ் மெஷினில் ஓட்டிப் பார்த்தாள். சேந்தமங்கலத்துக்குப் போய் ஓட்டினாள். வேண்டுமென்றே எண்களை மாற்றி வைத்து ஓட்டினாள். எங்கே மாற்றி வைத்தாலும் புரோகிராம் எடைமேடையைத் தேடிப் பிடித்துவிட்டது. தங்கசாமி, "மோப்பம் புடிக்குதே!" என்று ஆச்சரியப்பட்டார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் பிளாப்பியை எடுத்துக்கொண்டு ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்குப் போனாள்.

அந்த ஆலையில் மட்டும் ஓர் அதிகப்படி இருந்தது. பச்சமுத்து கோயமுத்தூரில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, ஷிப்டு சங்கைக் கம்ப்யூட்டரே ஊத வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு போர்டு மாட்டச் சொல்லியிருந்தார். மாட்டியது வெள்ளியங்கிரி. சௌந்திரத்துக்கு அது தெரியும். ஆனால் சங்கை ஊத வைக்க ஏதோ தனிக் கட்டளை வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அந்தப் போர்டுக்கு எந்த எழுத்து போனாலும் அதற்கேற்ப சுவிட்சுகள் விழும் என்பதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளியங்கிரியும் சொல்லவில்லை.

காலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். சௌந்திரம் ஆபீஸ் அறையில் புரோகிராமை ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

சங்கு ஊதியது.

ஷிப்டுக்கு ஊதுவதென்றால் கொஞ்சம் ஊதிவிட்டு நின்றுவிடும். இது நிற்கவில்லை. விடாமல் ஊதினால் தீ என்று அர்த்தம். இரண்டு வருடத்துக்கு முன் சாக்குக் கிடங்கு எரிந்ததிலிருந்து அந்த ஆலையில் எல்லோருக்கும் அது மனப்பாடம். சௌந்திரமும் தீ என்றுதான் நினைத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி, எங்கே புகை என்று தேடினாள். கொட்டகையிலிருந்து பெண்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டமாக ஓடி வந்தார்கள். தரையெல்லாம் கிழங்குப் பால் ஓடி வழுவழுவென்று கிடந்தது. முன்னால் வந்த ஒருத்தி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். வாட்ச்மேன் ஓடிப்போய்ச் சங்கின் மெயின் சுவிட்சை இறக்கினார். சங்கு அடங்கியது.

புகை எங்கேயும் இல்லை.

"யாருய்யா ஊதுனது?" என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்த பிறகுதான் சௌந்திரத்துக்கு உறைத்தது. உள்ளே போய்த் திரையைப் பார்த்தாள். பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்த புரோகிராம் ஒரு பெயரில் நின்றிருந்தது. அந்தப் பெயர் 'சங்கு'. 'எடை என்ன' என்று அதனிடம் கேட்டதும் சங்கு டிரைவர் பிடித்துக்கொண்டதால், அடுத்ததற்குப் போக முடியாமல் பொறுமையாகக் காத்திருந்தது.

விழுந்தவளின் பெயர் ஆராயி. நாற்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. ஆலையின் வேனில் ஆத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சௌந்திரமும் ஏறிக்கொண்டாள். எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு காயும்வரை வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாந்தானுங்க" என்றாள் சௌந்திரம். "நான் எழுதின புரோகிராமுதான் சங்கை ஊதிடுச்சு. எடை மெஷினு எதுன்னு கண்டுபிடிக்க ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்துச்சு."

ஆராயி அவளைப் பார்க்கவே இல்லை. "தீயில்லியா?"

"இல்லீங்க."

"தீயின்னு நெனச்சி ஓடுனேன். எம்மவ அந்தாண்ட பால் தொட்டிகிட்ட நின்னுக்கினு இருந்தா. அவளத்தான் தேடினு ஓடுனேன்." கட்டுப் போட்ட கையை மடியில் மெல்ல வைத்துக்கொண்டாள். "சோத்துக் கை. இத வச்சிக்கினு கத்திய எப்பிடிப் புடிக்கிறது?"

கூலி நிற்காது, முதலாளியிடம் பேசுகிறேன் என்று சௌந்திரம் சொன்னாள். ஆராயி தலையை ஆட்டினாள். அது சரி என்பதா, போ என்பதா என்று தெரியவில்லை. வேனில் திரும்பும்போது அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கேட்டில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல், அங்கே காத்திருந்த மகளோடு நடந்து போனாள்.

பச்சமுத்து கூலிக்கு ஒப்புக்கொண்டார். புரோகிராமைப் பற்றி அவர் எதுவும் கேட்காதது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் வெள்ளியங்கிரியின் ஆபீசுக்கு மாடியேறிப் போனாள். கீழே கடையில் யாரோ ஸ்பிரிங் பட்டையைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நானுந்தானுங்க சொல்லியிருக்கோணும்" என்றார் அவர் முதலிலேயே. "அந்தப் போர்டுக்கு எது போனாலும் ஊதும்னு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல."

"இருக்கட்டுங்க. எனக்கு இப்ப ஒண்ணு வேணும். எந்த நெம்பர்ல எந்த டிரைவர் இருக்குதுன்னு கர்னலுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாம? அதுக்குள்ள அட்டவணையே இருக்குது."

"அதை என் புரோகிராமு படிக்கோணும். எதையும் தட்டாம, எதையும் எழுப்பாம, உள்ள யாரு யாரு இருக்கீங்கன்னு கேட்கறதுக்கு ஒரு வழி வேணும்."

வெள்ளியங்கிரி நாற்காலியில் சாய்ந்தார். "அது முறையில்லீங்க. கர்னல் உள்ள என்ன இருக்குதுன்னு வெளிய இருக்கற புரோகிராமுக்குத் தெரியப்படாது. அதுக்குத்தானே சுவரு கட்டி வெச்சிருக்குது? பேரைச் சொல்லிக் கேட்டா கிடைக்கும். கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம்."

"சேந்தமங்கலத்துல கிடைச்சுதுங்களே. எடைன்னு கேட்டேன், பிரிண்டரு வந்துச்சு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு பண்ணலாம்" என்றார். "ஒவ்வொரு ஆலையிலயும் எது எங்க இருக்குதுன்னு ஒரு பைல்ல எழுதி வெச்சுடறேன். உங்க புரோகிராமு அதைப் படிச்சுக்கட்டும்."

"அந்தப் பைலை எழுதறது யாருங்க?"

"நாந்தான்."

"பலகையை எழுதுனது?"

வெள்ளியங்கிரியின் முகம் சுருங்கியது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்களைச் சொல்லலீங்க. யாரு எழுதினாலும் ஒரு நாளைக்கு மறந்துபோகும். எழுதி வெச்சது ஒண்ணு, உள்ள இருக்கறது ஒண்ணுன்னு ஆயிடும். ஓடிட்டிருக்கற கர்னலே வாயைத் தொறந்து சொன்னா அப்பிடி ஆகாது."

அவள் கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள். பஸ்ஸில் யோசித்து எழுதியது. புதிதாக ஒரு டிரைவர். அதற்குக் கருவி எதுவும் கிடையாது. கம்பி இல்லை, போர்டு இல்லை. அதைத் திறந்து படித்தால், கர்னலின் அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்து, எண்ணையும் பெயரையும் வரிவரியாகக் கொடுக்கும். எழுத முயன்றால் மறுத்துவிடும். அட்டவணையில் இதுவரை பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும்தான். கர்னலைக் கோக்கும்போது அட்டவணையை உண்டாக்கும் கருவியே அதே வரியில் பெயரையும் சேர்த்துவிட்டால், இரண்டும் பிரிய வழியில்லை.

வெள்ளியங்கிரி காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "பெங்களூர்ல கேட்கோணும்."

"கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"வேண்டாம்பாங்க."

"அப்ப கேட்காதீங்க. உங்க டெமோ மெஷினுல ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ஆகலைன்னா நான் திரும்பக் கேட்க மாட்டேன்."

அவர் அரைமனதாகச் சம்மதித்தார். கர்னலைக் கோக்கும் சாமான்கள் எல்லாம் கம்பெனிக்காரர்களிடம்தான் இருக்கும். அவர் இல்லாமல் நடக்காது. அந்தச் சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்தார்கள். கோத்து, ஏற்றி, மெஷினை மறுபடி கிளப்பி, சௌந்திரம் புது டிரைவரைப் படிக்கச் சொன்னாள். இரண்டு வரி வந்தது. மூன்றாவது வரிக்கு மெஷின் அப்படியே செத்துவிட்டது. திரையில் 'பேனிக்' என்று ஒரு சொல். அதற்குக் கீழே புரியாத எண்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. "சாதாரணப் புரோகிராமு தப்புப் பண்ணா அது மட்டும் சாகும். கர்னலுக்குள்ள தப்புப் பண்ணா மெஷினே போயிடும். இது ஆத்தூர்ல ஆகியிருந்தா? எனக்கு வேலையே போயிருக்கும். வேண்டாமுங்க, உட்டுடலாம்."

சௌந்திரம் எழுந்தாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் டீ சொன்னாள். டீ ஆறிப்போகும்வரை காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டவணையில் எல்லா எண்ணுக்கும் டிரைவர் இருக்க வேண்டும் என்பதில்லை. நடுநடுவே காலி இடங்கள் உண்டு. காலி இடத்துக்குப் பெயர் ஏது? இல்லாத பெயரைப் படிக்கப் போய்த்தான் செத்திருக்கிறது. பெயர் இல்லையென்றால் தாண்டிப் போ என்று ஒரே ஒரு வரி. அதை எழுதிக்கொண்டு மாடியேறினாள்.

வெள்ளியங்கிரி மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதுவும் கேட்காமல் காகிதத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். "சே" என்றார். உறையை மறுபடி எடுத்தார்.

இந்தத் தடவை முழு வரிசையும் வந்தது. டிஸ்க், டெர்மினல், டேப், பிரிண்டர் என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள் இறங்கின. மெஷின் எதையும் அசைக்கவில்லை. டேப் சுற்றவில்லை, பிரிண்டர் கீச்சிடவில்லை. கேட்டதற்குச் சொன்னது, அவ்வளவுதான். வெள்ளியங்கிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

"இதென்னங்க இது?" என்று கடைசிக்கு முந்தைய வரியைக் காட்டினார்.

"நீங்கதான் சொல்லோணும்."

"எனக்குத் தெரியலியே." நெற்றியைத் தேய்த்தார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராகச் சத்தமாகச் சிரித்தார். "அட, இது பம்பாய்ல ஒரு பேங்குக்குப் பண்ணினது. அட்டை படிக்கிற மெஷினுக்கு. பெங்களூர்ல எடுக்காம உட்டுட்டாங்க போல. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆலையிலயும் நானே இதையும் சேர்த்துக் கோத்து ஏத்தியிருக்கேன். நம்ம மெஷினுல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியலை பாருங்க."

சிரிப்பு அடங்கியபின் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பங்க ஆத்தூர் போலாம்?" என்றார்.

ஆத்தூர்ப் பக்கத்து ஆலைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். கர்னலை ஏற்றி முடித்ததும் சௌந்திரம் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சங்கின் மெயின் சுவிட்சை இறக்கி வைக்கச் சொன்னாள். கொட்டகைக்குப் போய், "மெஷினுல வேலை நடக்குதுங்க. சங்கு ஊதினா ஓடாதீங்க. தீயின்னா நானே வந்து சொல்றேன்" என்று பெண்களிடம் சொன்னாள். ஒருத்தி, "போன தபா சொல்லல நீ" என்றாள். நின்று கேட்டுக்கொண்டாள்.

புதுப் புரோகிராம் பலகைகள் பக்கமே போகவில்லை. முதலில் கர்னலிடம் வரிசையைக் கேட்டது. அதில் எடைமேடையின் டிரைவர் எந்த எண்ணில் இருக்கிறது என்று பார்த்தது. அந்த எண்ணுக்குத் தானே ஒரு பலகை எழுதிக்கொண்டு, அதை மட்டும் தட்டியது. வரிசையில் சங்கும் இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனது. மேடையில் நின்ற லாரியின் எடை திரையில் வந்தது. சௌந்திரம் வாட்ச்மேனிடம் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, புரோகிராமை நிறுத்தி மறுபடியும் ஓட்டினாள். அப்போதும் சங்கு ஊதவில்லை.

மற்ற இரண்டு ஆலைகளிலும் ஏற்றினார்கள். அந்த சீசன் முழுக்க எடை நிற்கவில்லை. நடுவில் இளம்பிள்ளைப் பக்கத்து ஆலையில் வெள்ளியங்கிரி ஒரு போர்டை மாற்றினார். எண்கள் இடம் மாறின. அவளுக்கு அது இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ பேச்சில்தான் தெரிந்தது.

ஆராயிக்குக் கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முன்போல் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாததால் உலர்களத்தில் ஜவ்வரிசி கிளறும் வேலைக்கு மாற்றினார்கள். சௌந்திரம் ஆலைக்குப் போகும்போதெல்லாம் களத்துப் பக்கம் போவாள். முதலில் ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஒருநாள் ஆராயியே, "வெயிலு ஏறிப்போச்சி, உள்ளாற போ" என்றாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. சௌந்திரமும் வளர்க்கப் பார்க்கவில்லை.

வெள்ளியங்கிரி நல்ல பிள்ளையாகப் பெங்களூருக்கு விவரமாக எழுதியிருந்தார். அங்கிருந்து வந்த பதில் காரமாக இருந்தது. வாடிக்கையாளர் எழுதியதைக் கர்னலில் சேர்க்க யார் அனுமதித்தது, உடனே எடுத்துவிடு என்று. அவர் கொண்டுவந்து சௌந்திரத்திடம் காட்டினார்.

"எடுக்கப் போறீங்களா?"

"எடுத்தா மறுபடியும் நீங்க தட்டித்தானே பார்க்கோணும்? ஆராயி கதையைச் சேர்த்து எழுதிப் போட்டிருக்கறேன். அதைப் படிச்சுட்டு எடுன்னு சொல்லட்டும், அப்பறம் எடுக்கறேன்."

எடு என்றும் வரவில்லை, வை என்றும் வரவில்லை. அவர் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் கம்பெனியின் புதுப் பதிப்பு டேப்பில் வந்தது. கூடவே வந்த தடித்த புத்தகத்தை வெள்ளியங்கிரி போனில் வாசித்துக் காட்டினார். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களைப் புரோகிராம்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தப் பதிப்பில் வசதி செய்யப்பட்டிருக்கிறது என்று அரைப் பக்கம். யார் சொல்லிச் செய்தது என்று அதில் இல்லை. அவர்களுக்கே தோன்றியிருக்கலாம்; வேறு ஊரில் வேறு யாராவது கேட்டிருக்கலாம்.

"சந்தோஷந்தானுங்களே?" என்றார் வெள்ளியங்கிரி.

"வரிசை எப்பிடி வருதுன்னு போட்டிருக்குதா?"

அவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. "பேரு முன்னாடி வருதுங்க. நெம்பர் பின்னாடி. நடுவுல ரெண்டு புள்ளி."

"நம்முளுதுல நெம்பர்தானுங்களே முன்னாடி?"

"ஆமாங்க."

"அப்ப மூணு ஆலைக்கும் புரோகிராமை மாத்தோணும். எழுதறதுக்கு முன்னாடி நம்மளை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்று சௌந்திரம் சலித்துக்கொண்டாள். போனை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு, பிளாப்பியை எடுத்துக்கொண்டு ஆத்தூர் பஸ் ஏறினாள்.